மழலையர் வகுப்பில் எழும் கடினமான கேள்விகள்: எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் கேட்ட கேள்வி இது. இறப்பு, பெற்றோரின் பிரிவு, உடல் உறுப்பு, தோல் நிறம், போர் என்று ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு குழந்தை வகுப்பில் திடீரெனக் கேட்டுவிட்டால் தாம் பேச்சை மாற்றிவிடுவதாக அவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை என்று தெரிந்தாலும், தவறாக எதையாவது சொல்லிவிடுவோமோ என்ற அச்சம் வாயைக் கட்டிவிடுகிறதாம். எதை ஆசிரியரே சொல்லலாம், எதைப் பெற்றோரிடம் விட வேண்டும் என்பதே அவர் அறிய விரும்புவது.

அந்த அச்சம் இயல்பானது. இந்த வயதுக் குழந்தைகளுடன் பல ஆண்டுகள் வகுப்பில் இருந்த எனக்கும் அது முழுமையாகப் போய்விடவில்லை. ஆனால் பேச்சை மாற்றுவதும் ஒரு பதில்தான் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ‘இதை இவரிடம் கேட்கக் கூடாது’ என்ற பதில் அது. குழந்தை அதைத் தெளிவாகப் புரிந்துகொள்கிறது. அடுத்த முறை கேட்காமலே இருந்துவிடுகிறது. கேட்காத குழந்தைக்குக் கேள்வி இல்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

பேசத் தெரியாத வயதிலேயே குழந்தை பெரியவரின் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுகிறது. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 12 மாதக் குழந்தைகளை ஒரு நீண்ட மேசையின் ஒரு முனையில் விட்டார்கள். மேசையின் நடுவில் பள்ளம் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது உறுதியான கண்ணாடியால் மூடப்பட்டிருக்கும். மறுமுனையில் தாய் நின்றுகொண்டிருப்பார். தாய் மகிழ்ச்சியான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் அந்தப் ‘பள்ளத்தை’த் தவழ்ந்து கடந்தன. தாய் அஞ்சிய முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. தாயின் இடத்தில் பகலின் பெரும்பகுதி நிற்பவர் ஆசிரியர். “டீச்சர், சாகிறது என்றால் என்ன?” என்று கேட்கும் குழந்தை, நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் முகத்திலிருந்து பாதிப் பதிலைப் பெற்றுக்கொள்கிறது. ஆகவே சொற்களைத் தேடுவதற்கு முன் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, ஒரு மூச்சு விட்டு, “நல்ல கேள்வி கேட்டாய்” என்று சொல்லும் அந்த ஐந்து நொடிகளே முதல் வேலை. அந்த ஐந்து நொடியில் உங்களுக்கும் நிதானம் வந்துவிடும்.

மௌனம் ஏன் ஆபத்தானது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. குழந்தை உளவியலின் முன்னோடிகளுள் ஒருவரான பியாஜே, சுமார் 2 முதல் 7 வயது வரையுள்ள பருவத்தில் குழந்தை உலகைத் தன்னை நடுவில் வைத்தே பார்க்கிறது என்று விளக்கினார். தன் எண்ணத்துக்கும் வெளியில் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக அது நம்புகிறது. தம்பிப் பாப்பா வேண்டாம் என்று நினைத்தேன், பாப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. அடம்பிடித்தேன், அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். பெரியவர்களுக்கு அபத்தமாகத் தோன்றும் இந்தக் கணக்கு, நான்கு வயதில் மிகவும் நியாயமான கணக்கு. நாம் விளக்கம் தராத இடத்தைக் குழந்தை வெற்றிடமாக விட்டுவைப்பதில்லை; தன் குற்றத்தைக்கொண்டு நிரப்பிக்கொள்கிறது. பெரும்பாலும் அதை யாரிடமும் சொல்வதும் இல்லை.

ஆகவே என் முதன்மையான பரிந்துரை இதுதான்: குழந்தை கேட்ட அளவுக்கு, சிறிய ஓர் உண்மையைச் சொல்லுங்கள்; மேலும் கேட்பதற்கு இடம் விட்டு நிறுத்துங்கள். முழு உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பொய் சொல்லாமல் இருக்கும் கடமை மட்டும் உண்டு.

‘கேட்ட அளவு’ எது என்று கண்டுபிடிப்பதில்தான் திறமை தேவைப்படுகிறது. ஒருமுறை ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, “நீங்கள் எப்போது சாவீர்கள்?” என்று என்னிடம் கேட்டாள். வாழ்நாளைப் பற்றியும் முதுமையைப் பற்றியும் நான் பேசத் தொடங்கியிருந்தால், அவள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பேன். “ஏன் அப்படிக் கேட்கத் தோன்றியது?” என்று திருப்பிக் கேட்டேன். முந்தைய வாரம் நான் இரண்டு நாள் விடுப்பில் இருந்தேன். மறுபடியும் வராமல் போய்விடுவேனோ என்பதுதான் அவள் கவலை. “எனக்குக் காய்ச்சல் இருந்தது, சரியாகிவிட்டது. நான் வராத நாளில் யார் உன்னைப் பார்த்துக்கொள்வார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்” என்றதும் அவள் விளையாடப் போய்விட்டாள். “நீ என்ன நினைக்கிறாய்?”, “இதைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?”, “யாராவது ஏதாவது சொன்னார்களா?” என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பேசத் தொடங்குவது, தேவையற்ற நீண்ட விளக்கங்களிலிருந்து இருவரையும் காப்பாற்றும். குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் தவறான செய்தியும் அப்போதே வெளியே வரும்.

இனி இறப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் நாம் மிகுதியாகத் தடுமாறுவது இங்கேதான். நம் மொழியில் இறப்பை நேரடியாகச் சொல்லாமல் சொல்லும் வழக்குகள் ஏராளம். பெரியவர்களுக்கிடையே அவை மரியாதை. குழந்தையின் காதில் அவை வேறாக ஒலிக்கின்றன. ‘மறைந்துவிட்டார்’ என்று கேட்கும் குழந்தைக்கு மறைவது என்பது கண்ணாமூச்சி ஆட்டம். மறைந்தவரைத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம். ‘தவறிவிட்டார்’ என்றால் யாரோ கைதவறி எதையோ போட்டுவிட்டார்கள், அல்லது தவறு செய்துவிட்டார்கள். ‘தூங்கிவிட்டார்’ என்று சொல்லப்பட்ட குழந்தை இரவில் கண்ணை மூட அஞ்சும். வகுப்பில் மதியத் தூக்கத்துக்குப் பாயை விரித்தால் அழும். ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்றால், திரும்பி வராதது அவருடைய விருப்பம் என்றாகிறது. என்மேல் பிரியம் இல்லாததால் வரவில்லை என்று குழந்தை முடிவு செய்கிறது. ‘நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்’ என்று ஆறுதலுக்காகச் சொல்லப்பட்ட ஒரு சிறுவன், வேண்டுமென்றே குறும்பு செய்யத் தொடங்கிய நிகழ்ச்சியை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவன் கணக்கில் அது உயிர்பிழைக்கும் வழி.

எனவே ‘இறந்துவிட்டார்’, ‘செத்துப்போய்விட்டது’ என்ற சொற்களையே பயன்படுத்துங்கள். அடுத்ததாக, உடல் என்ன ஆகிறது என்பதைச் சொல்லுங்கள்: மூச்சு நின்றுவிடும்; இதயம் துடிக்காது; பசிக்காது, குளிராது, வலிக்காது; மறுபடியும் எழுந்து வர முடியாது. மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலாளர் புடாபெஸ்டில் 3 முதல் 10 வயது வரையுள்ள 378 குழந்தைகளிடம் இறப்பைப் பற்றிக் கேட்டறிந்து 1948-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் தொடக்ககாலப் பணிகளுள் முக்கியமானது. ஐந்து வயதுக்குட்பட்ட பலர் இறப்பை ஒரு பயணமாகவோ நீண்ட தூக்கமாகவோ எண்ணியிருந்ததை அவர் கண்டார். இறப்பு மீளாதது, உடலின் எல்லாச் செயல்களும் நின்றுவிடுவது, எல்லா உயிர்களுக்கும் நேர்வது என்ற மூன்று கருத்துகளையும் பெரும்பாலான குழந்தைகள் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில்தான் பற்றிக்கொள்கிறார்கள் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. இதன் நடைமுறைப் பொருள் என்னவென்றால், நான்கு வயதுக் குழந்தையிடம் நீங்கள் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், மறுநாள் காலையில் அது “தாத்தா எப்போது வருவார்?” என்று கேட்கும். உங்கள் விளக்கம் தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்த வயது மனம் ஒரே செய்தியைப் பலமுறை தொட்டுப் பார்த்துத்தான் உள்வாங்குகிறது. அதே சொற்களால், அதே பொறுமையுடன் மறுபடியும் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய சொற்களைத் தேடினால் குழந்தை குழம்பும்.

இதைப் பொதுவெளியில் நேர்மையாகச் செய்துகாட்டிய ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரான ‘செசமி ஸ்ட்ரீட்’டில் கடைக்காரராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தபோது, வேறொருவரை அந்த வேடத்தில் நடிக்கவைக்கவோ அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார் என்று சொல்லவோ தயாரிப்பாளர்களுக்கு வழி இருந்தது. அவர்கள் குழந்தை வளர்ச்சி வல்லுநர்களுடன் கலந்து பேசி, அந்தக் கதைமாந்தர் இறந்துவிட்டார், இனித் திரும்பி வரமாட்டார் என்று நேரடியாகவே சொல்லும் பகுதியை 1983 நவம்பரில் ஒளிபரப்பினார்கள். பெரியவர்கள் கண்கலங்குவதும், அந்தக் கடையை இனி யார் பார்த்துக்கொள்வார் என்று விளக்குவதும் அதில் உண்டு. உண்மை, வருத்தம், இனி யார் கவனித்துக்கொள்வார் என்ற உறுதி ஆகிய மூன்றும் அதே வரிசையில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். வகுப்பறைக்கும் அந்த வரிசை பொருந்தும்.

நோயால் ஒருவர் இறந்தார் என்று சொல்லும்போது கூடுதல் கவனம் தேவை. ‘உடம்பு சரியில்லாமல் இருந்தார், இறந்துவிட்டார்’ என்று மட்டும் சொன்னால், அடுத்த சளிக்காய்ச்சலுக்குக் குழந்தை தன் முடிவு வந்துவிட்டதாக அஞ்சும். ‘அது மிக மிகக் கடுமையான நோய், உனக்கும் எனக்கும் வருகிற சளி, காய்ச்சல், வயிற்றுவலி எல்லாம் அந்த மாதிரி நோய் இல்லை’ என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள். இறந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்ற கேள்வி வந்தால் அது குடும்பத்தின் நம்பிக்கைக்குரிய இடம்; அங்கே ஆசிரியர் தம் நம்பிக்கையை வைக்கக் கூடாது. “உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்?” என்று கேட்டு, குழந்தை சொல்வதை மதித்துக் கேளுங்கள். வேறொரு குழந்தை வேறு விதமாகச் சொன்னால், “ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக நம்புகிறார்கள்” என்பது போதும்.

துயரத்திலிருக்கும் குழந்தை பத்து நிமிடம் அழுதுவிட்டு ஊஞ்சலுக்கு ஓடுவதைப் பார்த்து, ‘அதற்கு ஒன்றும் புரியவில்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையில் குதித்துக் குதித்து வெளியே வருவதுபோல, சிறு குழந்தை துயரத்துக்குள் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். பெரியவர்கள்போல் அதிலேயே மூழ்கியிருக்க அதனால் முடியாது. சிரிக்கிற நேரத்தில் அதன் இழப்பை நினைவூட்டாதீர்கள். அழுகிற நேரத்தில் விளையாட்டுக் காட்டித் திசைதிருப்பாதீர்கள். படுக்கையை நனைத்தல், விரல் சூப்புதல், பெற்றோரை விட்டுப் பிரிய மறுத்தல் போன்ற பழைய பழக்கங்கள் சில வாரங்களுக்குத் திரும்பி வருவது வழக்கமானது. அவற்றைக் கண்டிக்காமல் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். குறையாமல் நீடித்தாலோ கூடிக்கொண்டே போனாலோ வல்லுநரின் உதவிக்குப் பரிந்துரையுங்கள்.

பெரிய இழப்பு நேர்வதற்கு முன்பே இறப்பைப் பற்றிப் பேசிப் பழகிய வகுப்புக்கு அந்த நாள் எளிதாக இருக்கும். முற்றத்தில் செத்துக் கிடக்கும் வண்ணத்துப்பூச்சியை அவசரமாகத் துடைப்பத்தால் அகற்றாதீர்கள். சுற்றி நிற்கும் குழந்தைகள் அதைப் பார்க்கட்டும், “இனிமேல் பறக்காதா?” என்று கேட்கட்டும். யார் மனமும் உடையாத ஒரு நேரத்தில் கிடைக்கும் இந்த ஐந்து நிமிடப் பேச்சு மதிப்புள்ளது.

பெற்றோரின் பிரிவு, சிறைவாசம், வேலையிழப்பு போன்ற குடும்பச் செய்திகளில் ஆசிரியரின் பங்கு குறைவு. காரணத்தை விளக்குவது உங்கள் வேலையன்று. உங்களுக்குக் காரணம் தெரிந்திருந்தாலும்கூட. குழந்தைக்குத் தேவைப்படுவது, இது உன்னால் நடக்கவில்லை என்பதும், இது பெரியவர்கள் எடுத்த முடிவு என்பதும், இன்று உன்னை யார் அழைத்துப்போவார் என்பதும் மட்டுமே. ‘எல்லாம் சரியாகிவிடும்’, ‘அப்பா திரும்பி வந்துவிடுவார்’ என்று உங்கள் கையில் இல்லாததை வாக்களிக்காதீர்கள். ‘என் குடும்பம்’ என்று படம் வரையச் சொல்லும்போது, அம்மா, அப்பா, இரண்டு குழந்தைகள் என்ற ஒரே வடிவத்தைப் பலகையில் வரைந்துகாட்டுவதைத் தவிருங்கள். “உன்னைப் பார்த்துக்கொள்பவர்களை வரை” என்று சொன்னால் எந்தக் குழந்தையும் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராது.

உடலைப் பற்றிய கேள்விகளுக்கு வருகிறேன். கை, கால், மூக்கு என்று பெயர் சொல்லித் தரும் நாம், ஆண்குறி, பெண்குறி ஆகியவற்றுக்கு வந்தவுடன் செல்லப்பெயருக்கோ ‘ஷேம் ஷேம்’ என்ற சொல்லுக்கோ தாவிவிடுகிறோம். உடலின் ஒரு பகுதிக்கே வெட்கம் என்று பெயர் வைத்துவிட்டால், அங்கே வலித்தாலும் யாராவது தொட்டாலும் குழந்தை எந்தச் சொல்லால் சொல்லும்? சரியான பெயர் தெரிந்த குழந்தையின் பேச்சை மருத்துவரும் காவல் அதிகாரியும் உடனே புரிந்துகொள்வார்கள். யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டி தன் முதல் வயதுப்பிரிவை 5 முதல் 8 வரை என்று வகுத்து, உடலுறுப்புகளின் பெயர், தன் உடல்மேல் தனக்குள்ள உரிமை ஆகியவற்றை அங்கிருந்தே தொடங்குகிறது. “குழந்தை எங்கிருந்து வருகிறது?” என்று கேட்கும் நான்கு வயதுக்கு, “அம்மாவின் வயிற்றுக்குள் கருப்பை என்ற இடம் இருக்கிறது, அங்கே வளர்கிறது” என்பது முழுமையான பதில். எப்படி உள்ளே போனது என்று அது கேட்கும் நாளில், பெற்றோருடன் பேசிவைத்துக்கொண்டு அடுத்த படியைச் சொல்லலாம்.

இந்த வயதில் குழந்தைகள் தங்கள் உடலையும் ஒருவர் மற்றவருடைய உடலையும் ஆர்வத்தோடு பார்ப்பது பெரும்பாலும் இயல்பான வளர்ச்சி. அதைக் கண்டவுடன் கூச்சலிடுவது அந்த ஆர்வத்தைக் குற்றமாக்கிவிடும். “அது உடம்பில் தனியாக வைத்துக்கொள்ளும் இடம், ஒருவர் மற்றவருடையதைத் தொடக் கூடாது” என்று அமைதியாகச் சொல்லி வேறு வேலைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் வற்புறுத்தல், அச்சம், இரகசியம் ஆகியவை அதில் கலந்திருந்தாலும், வயதுக்கு மீறிய அறிவு வெளிப்பட்டாலும் அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. தொடுதலைப் பற்றிக் கற்பிக்கும்போது இரகசியத்தைப் பற்றியும் கற்பியுங்கள். பிறந்தநாள் பரிசை மறைத்துவைப்பது ஆச்சரியம். அது சில நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ‘யாரிடமும் எப்போதும் சொல்லாதே’ என்று ஒரு பெரியவர் சொல்வது வேறு வகை. அதை உடனே சொல்லிவிட வேண்டும் என்று குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த துன்புறுத்தலைப் பற்றி உங்களிடம் வாய் திறந்தால் என்ன செய்வது என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. இங்கே நல்லெண்ணத்தால் செய்யும் தவறுகள்கூட நீதியைக் கெடுத்துவிடும். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மனிதர் குழந்தைகள் மையத்துக்கு வந்து சற்று நேரம் இருந்துவிட்டு எதையும் செய்யாமல் போனார். அவர் எதையும் உடைப்பவர் என்ற பேச்சை முன்கூட்டியே பரப்பி, பின்னர் வாரக்கணக்கில் ‘அவர் பொம்மையை அழுக்காக்கினாரா?’ என்ற தோரணையில் கேள்விகள் கேட்டதும், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நடக்காத செயலை நடந்ததாகச் சொன்னார்கள். இந்த ஆய்வுக்குப் பின்னணியாக இருந்த வழக்குகளும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளியின் மீது 1983-இல் எழுந்த குற்றச்சாட்டில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் பதிலைத் திணிக்கும் கேள்விகளால் விசாரிக்கப்பட்டார்கள். 1990 வரை நீண்ட அந்த வழக்கில் ஒருவர்கூடக் குற்றவாளி என்று தீர்க்கப்படவில்லை. சிறு குழந்தைகள் பொய்யர்கள் என்பது இதன் பொருளன்று. தடையின்றிப் பேசவிட்டால் அவர்கள் சொல்வது பெரிதும் நம்பத்தக்கது. நம் கேள்விகளே அதைக் கலங்கச் செய்கின்றன.

ஆகவே குழந்தை சொல்லத் தொடங்கினால் செய்து கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அமைதியாகக் கேளுங்கள். தேவைப்பட்டால் “அதைப் பற்றி இன்னும் சொல்” என்பதற்கு மேல் எதையும் கேட்காதீர்கள். யார், எங்கே, எத்தனை முறை என்று துருவ வேண்டாம். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். “நீ என்னிடம் சொன்னது நல்லது. இது உன் தவறு இல்லை. உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் நான் பேசுவேன்” என்று சொல்லுங்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தை பயன்படுத்திய சொற்களை மாற்றாமல், உங்கள் விளக்கத்தைச் சேர்க்காமல், நாளும் நேரமும் குறித்து அன்றே எழுதிவைத்து, உங்கள் நாட்டின் சட்டமும் பள்ளியின் நடைமுறையும் சொல்லும் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். பல நாடுகளில் ஐயம் எழுந்தாலே தெரிவிப்பது ஆசிரியரின் சட்டக் கடமை. உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று காத்திருப்பது அந்தக் கடமையை மீறுவதாகும். துன்புறுத்தியவர் வீட்டிலேயே இருக்கக்கூடும் என்பதால், வகுப்பில் எழும் மற்ற பேச்சுகளைப்போல இதை முதலில் பெற்றோரிடம் எடுத்துச் செல்லக் கூடாது.

தோல் நிறம், உடற்குறை, உடற்பருமன் ஆகியவை பற்றிய கேள்விகள் பெரும்பாலும் எல்லோர் காதிலும் விழும்படி உரக்க வரும். “அவன் ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறான்?” என்று கேட்ட குழந்தையை “உஷ், அப்படிக் கேட்கக் கூடாது” என்று அடக்கினால், கறுப்பாக இருப்பது பேசக்கூடாத அளவுக்கு மோசமான ஒன்று என்று இரண்டு குழந்தைகளுமே கற்றுக்கொள்கின்றன. உளவியலாளர்களான கெனத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் 1940-களில் அமெரிக்காவில் 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளின் முன் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்று எடுத்தார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் அவர்களது பணி குறிப்பிடப்பட்டது. யாரும் பாடம் நடத்தாமலே மூன்று வயதில் ஒரு குழந்தை இதைக் கற்றுக்கொள்கிறது என்றால், பேசாமல் இருப்பது நடுநிலை ஆகாது. “எல்லோர் தோலிலும் மெலனின் என்ற நிறமி இருக்கிறது. சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. அவனுக்கு அதிகம், உனக்குக் கொஞ்சம் குறைவு” என்பது நான்கு வயதுக்கு எட்டும் அறிவியல். சக்கர நாற்காலியில் வரும் குழந்தையைப் பற்றிய கேள்வியானால், உண்மையைச் சுருக்கமாகச் சொல்லி, மேற்கொண்டு சொல்வதா வேண்டாமா என்பதை அந்தக் குழந்தையின் விருப்பத்துக்கு விடுங்கள். கேள்வி ஒருவரைக் கேலி செய்வதாக மாறினால் அப்போது விளக்கம் போதாது. “அது அவனை நோகச்செய்கிறது, இங்கே அப்படிப் பேச நான் விடமாட்டேன்” என்று தயங்காமல் நிறுத்துங்கள்.

போரும் பேரிடரும் குழந்தைகளிடம் திரை வழியாக வருகின்றன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் காட்சிகள் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியபோது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு விமானம் மோதுகிறது என்று எண்ணிய சிறு குழந்தைகளைப் பற்றி அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. மறுஒளிபரப்பு என்ற கருத்தே அந்த வயதில் உறுதிப்படுவதில்லை. எனவே வகுப்பில் செய்திக் காட்சிகளைக் காட்டக் கூடாது. ஆசிரியர்கள் தங்களுக்குள் அதைப் பேசும்போதும் குழந்தைகளின் காதுக்கு எட்டாமல் பேச வேண்டும். குழந்தையே கேட்டால், எங்கே நடக்கிறது, இங்கிருந்து எவ்வளவு தொலைவு, பாதிக்கப்பட்டவர்களுக்கு யார் உதவுகிறார்கள் என்று சொல்லுங்கள். போர் அருகிலேயே நடந்தால் ‘இங்கே எதுவும் நடக்காது’ என்று சொல்ல முடியாது. ‘உங்களைப் பாதுகாக்க நாங்கள் இன்னின்னது செய்வோம்’ என்று உண்மையில் செய்யப்போவதைச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகங்களை நடத்திய அன்னா பிராய்டும் டோரத்தி பர்லிங்காமும் குண்டுவீச்சுக்கு நடுவே குழந்தைகளைக் கவனித்து எழுதியவற்றில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது ஒன்றுண்டு. குண்டுகளைவிடக் குடும்பத்தைப் பிரிவதே சிறு குழந்தைகளைக் கூடுதலாகக் குலைத்தது. உடனிருக்கும் பெரியவர் நிதானமாக இருந்தால் குழந்தையும் வெகுவாக நிதானம் பெற்றது.

கேட்காத குழந்தைகள் விளையாடிக் காட்டுவார்கள். மருத்துவமனை விளையாட்டிலும், இறுதிச் சடங்கு விளையாட்டிலும், கட்டைகளை அடுக்கி இடிக்கும் விளையாட்டிலும் அவர்கள் தங்களால் தாங்கமுடியாததைத் தாங்கும் அளவுக்குச் சிறிதாக்கிக்கொள்கிறார்கள். ‘சாவு விளையாட்டு வேண்டாம்’ என்று தடுப்பது அவர்களுடைய முக்கியமான கருவியைப் பிடுங்குவதாகும். ஆனால் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. 1976-இல் கலிஃபோர்னியாவின் சௌசில்லாவில் பள்ளிப் பேருந்துடன் கடத்தப்பட்டு, மண்ணுக்கடியில் அடைக்கப்பட்டுத் தப்பிவந்த குழந்தைகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அதிர்ச்சிக்குப் பிந்தைய விளையாட்டு என்ற ஒன்றை விவரித்தார். அதில் மகிழ்ச்சி இருக்காது, கதை நகராது, ஒரே காட்சி அதே முடிவுடன் மீண்டும் மீண்டும் வரும், விளையாடி முடித்த குழந்தை முன்னைவிடக் கலங்கியிருக்கும். கதை ஒருநாள் மாறுகிறதா, யாராவது காப்பாற்ற வருகிறார்களா, ஆட்டத்தில் வேறு குழந்தைக்கு இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். மாறிக்கொண்டிருந்தால் தள்ளி நின்று பார்த்துக்கொண்டால் போதும். வாரக்கணக்கில் மாறாமலே இருந்தால் உதவி தேவைப்படுகிறது.

பெற்றோருக்கு எப்போது சொல்வது என்ற கேள்விக்கு, துன்புறுத்தல் தொடர்பானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அன்று மாலையே சொல்லிவிடுங்கள் என்பது என் பதில். “இன்று வகுப்பில் இறப்பைப் பற்றிப் பேச்சு வந்தது, குழந்தை இப்படிக் கேட்டது, நான் இந்தச் சொற்களில் பதில் சொன்னேன்” என்று சொல்லும் ஆசிரியரை நம்பாத பெற்றோரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். குழந்தையின் வாயிலிருந்து அரைகுறையாகக் கேள்விப்படும்போதுதான் மனவருத்தங்கள் தொடங்குகின்றன. ‘வீட்டில் போய்க் கேள்’ என்று மட்டும் சொல்லிக் குழந்தையைத் திருப்பி அனுப்புவதைப் பல பள்ளிகள் விதியாகவே வைத்திருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் கேட்கமுடியாததால்தான் சில குழந்தைகள் உங்களிடம் கேட்கிறார்கள். ஒரு சிறு பதிலைத் தந்துவிட்டு, ‘அம்மாவிடமும் இதைப் பற்றிப் பேசு, நானும் அம்மாவிடம் சொல்கிறேன்’ என்று சேர்த்துச் சொல்வது குடும்பத்தின் இடத்தையும் காக்கும், குழந்தையையும் கைவிடாது.

உங்கள் சொந்தத் துயரம் பச்சையாக இருக்கும் காலத்தில் எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை. அண்மையில் ஒருவரை இழந்திருந்தால், இறப்பைப் பற்றிய கேள்விகளைச் சில வாரங்களுக்கு உடன் பணிபுரிபவர் ஏற்றுக்கொள்ளட்டும். குழந்தைகள் முன் கண் கலங்கிவிட்டாலும் பிழையில்லை. “எனக்கு வருத்தமாக இருந்தது, கண்ணீர் வந்தது, சற்று நேரத்தில் சரியாகிவிடுவேன்” என்று சொல்லிவிடுங்கள். பதில் தெரியாத இடத்தில், தெரியவில்லை, யோசித்து நாளை சொல்கிறேன் என்று சொல்லலாம். ஆனால் மறுநாள் சொல்லியாக வேண்டும். குழந்தை மறந்துவிட்டதுபோல் தோன்றினாலும்.

நீங்கள் பேச்சை மாற்றிவிட்ட அந்தக் கேள்விகளும் கைநழுவிப் போய்விடவில்லை. அந்தக் குழந்தை நாளை வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும்போது அருகில் உட்காருங்கள். “அன்றைக்கு நீ என்னிடம் ஒன்று கேட்டாய். எனக்கு அப்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. இப்போது சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். சில குழந்தைகள் தூரிகையைக் கீழே வைக்காமலேயே தலையசைப்பார்கள்.